பெர்த்தில் ஒரு ஸ்டைனர் பள்ளி: இத்தனை விழாவுக்கு நடுவில் எப்போது படிக்கிறார்கள்?

கேள்வி, 10 பிப்ரவரி 2024

மெல்பர்னில் இருக்கிறோம். மகளுக்கு அடுத்த வருடம் ஒன்றாம் வகுப்பு. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டைனர் பள்ளி, அதாவது ருடால்ஃப் ஸ்டைனர் என்பவர் வகுத்த முறையில் நடக்கும் பள்ளி, இருக்கிறதே என்று போய்ப் பார்த்தோம். சுவரில் இருந்த வருட அட்டவணையில் இலையுதிர் விழா, விளக்கு விழா, குளிர்கால விழா, வசந்த விழா என்று வரிசையாகப் போகிறது. நாலு வயதுக் குழந்தைக்கும் பதினாலு வயதுப் பையனுக்கும் அதே விழாதான். பாடப்புத்தகம் கிடையாது. ஜெர்மனியில் நூறு வருடத்துக்கு முன்னால் வகுத்த காலண்டரை இங்கே கொண்டுவந்து தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. பிள்ளைகளைச் சேர்த்தவர்கள் யாராவது உள்ளதைச் சொல்லுங்கள். எப்போதுதான் படிக்கிறார்கள்?

11 பிப்ரவரி 2024

காலையில் படிக்கிறார்கள். தினமும் முதல் இரண்டு மணி நேரம் ஒரே பாடம், மூன்று நான்கு வாரத்துக்கு அதே பாடம். மெயின் லெசன் என்று பெயர். கணக்கு என்றால் ஒரு மாதம் கணக்கிலேயே முங்கிக் கிடப்பார்கள். அப்புறம் அதை அப்படியே மூடி வைத்துவிட்டு வரலாறு, அது முடிந்தால் தாவரம். மூன்று மாதம் கழித்துக் கணக்கைத் திரும்ப எடுக்கும்போது பிள்ளை எல்லாவற்றையும் மறந்திருக்கும் என்றுதான் நானும் பயந்தேன். நடுவில் உறங்கக் கிடந்த பாடம் ஊறிப்போய் வெளியே வருவதைப் பெரியவனிடம் நாலைந்து முறை பார்த்த பிறகு பயம் போயிற்று.

பாடப்புத்தகம் இல்லை என்பது பாதி சரி. அவரவர் புத்தகத்தை அவரவரே எழுதுகிறார்கள். கோடு போடாத பெரிய நோட்டு, தேன்மெழுகு கிரேயான், அப்புறம் வண்ணப் பென்சில், பெரிய வகுப்பில் மைப்பேனா. ஆசிரியர் நேற்றுச் சொன்னதை இன்று பிள்ளைகள் திரும்பச் சொல்லி, எழுதி, படம் போடுவார்கள். என் வீட்டு அலமாரியில் அப்படி முப்பதுக்கும் மேல் இருக்கின்றன.

பெரியவன் ஏழாம் வகுப்பு, சின்னவள் மூன்றாம் வகுப்பு. நாங்கள் இருக்கும் பெர்த்தில் ஒரு ஸ்டைனர் பள்ளியில் கிண்டர்கார்டனிலிருந்தே படிக்கிறார்கள். பள்ளியின் பெயர் வேண்டாம், நல்லதும் கெட்டதும் எழுதப்போகிறேன்.

வாசிப்பு தாமதமாகத்தான் வரும், அவசரப்படாதீர்கள். இதைப் பிறகு விரிவாக எழுதுகிறேன். இன்று வெயில் நாற்பதைத் தாண்டி அடிக்கிறது, மூளை ஓடவில்லை.

12 பிப்ரவரி 2024

ஒன்று விட்டுப்போனது. வாய்ப்பாட்டைக் காலால் படிக்கிறார்கள். மூன்றாம் வாய்ப்பாடு என்றால் ஒன்று, இரண்டு மெதுவான எட்டு, மூன்றுக்கு ஓங்கி ஒரு மிதி. சின்னவள் எங்கள் வீட்டு மரத்தரையில் நாலாம் வாய்ப்பாடு மிதித்துக் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்திருக்கிறார். அவரும் கடைசியில் நின்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

3 மார்ச் 2024

"நாலு வயதுக்கும் பதினாலு வயதுக்கும் அதே விழா" என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு இந்தப் பள்ளிக்கூடத்தில் பிடித்ததே அதுதான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஐந்து வருடம் ஆனது.

பாடம் வயதோடு மாறிக்கொண்டே போகும். ஒன்றாம் வகுப்பில் தேவதைக் கதைகள். இரண்டில் விலங்குக் கதைகளும் புனிதர்கள் கதையும். மூன்றில் வீடு கட்டுவது, உழவு, பழைய ஏற்பாட்டுக் கதைகள். நாலில் வடதேசத்துத் தெய்வக் கதைகள், கணக்கில் பின்னம். ஐந்தில் பழைய இந்தியா, எகிப்து, கிரேக்கம், கூடவே தாவரவியல். ஆறில் ரோமும் கல்லும் மண்ணும். ஏழில் கடல் கடந்து போனவர்கள். இப்படி ஏறிக்கொண்டே போகிறது, எதற்கும் பின்னால் திரும்புவதில்லை.

விழா அப்படியில்லை. வருடா வருடம் அதே நாள், அதே பாட்டு, அதே விளக்கு. பிள்ளை நிற்கும் இடம்தான் மாறுகிறது. நாலு வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு விளக்கோடு நடந்த பையன், பத்து வயதில் புல்லாங்குழல் வாசித்துக்கொண்டு முன்னால் போகிறான். பதின்மூன்றில் தண்ணீர் வாளியோடு தீக்குப் பக்கத்தில் நிற்கிறான். போன வருடம் தான் நின்ற இடத்தில் இந்த வருடம் வேறொரு குட்டி நிற்பதை அவன் பார்க்கிறான். நம் ஊரில் திருவிழாவில் இது தானாக நடந்தது. முதலில் அப்பா தோளில் உட்கார்ந்து தேர் பார்த்தோம், பிறகு வடத்தைத் தொட்டோம், பிறகு முட்டுக்கட்டை போடும் அண்ணன்களை வாய் பிளந்து பார்த்தோம். யாரும் நமக்கு வயது சொல்லிக் கொடுக்கவில்லை, தேர் சொல்லிக் கொடுத்தது.

வடிவமைத்தவர்கள் இதை ஏழேழு வருடமாகப் பிரித்துப் பேசுவார்கள். ஏழு வயது வரை பார்த்துச் செய்வது, பதினாலு வரை கதையாலும் கலையாலும் கற்பது, அதற்கு மேல்தான் யோசித்து வாதாடுவது என்று. அப்படிக் கத்தி வைத்து அறுத்த மாதிரி எந்தப் பிள்ளையும் வளர்வதில்லை. என் சின்னவள் நாலு வயதிலேயே நன்றாக வாதாடினாள்.

1 ஏப்ரல் 2024

நேற்று ஈஸ்டர். உங்கள் "தலைகீழ்" கேள்விக்கு இன்று பதில் சொல்லலாம்.

முதல் பள்ளி 1919 செப்டம்பரில் ஸ்டுட்கார்ட்டில் திறந்தது. வால்டார்ஃப் அஸ்டோரியா சிகரெட் ஆலை முதலாளி எமில் மோல்ட் தன் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ருடால்ஃப் ஸ்டைனரைக் கூப்பிட்டு நடத்தச் சொன்னது. வால்டார்ஃப் பள்ளி என்ற பெயர் அந்த ஆலையால்தான் வந்தது. ஸ்டுட்கார்ட்டில் மார்ச் கடைசி என்றால் பனி உருகி மொட்டு விடும் நேரம். அங்கே முட்டை, முயல், முளைத்த புல் எல்லாம் ஈஸ்டருக்குப் பொருந்தும். பெர்த்தில் இது கோடையின் வால். மண்ணில் ஒரு பச்சை கிடையாது. இந்த வருடம் கேட்கவே வேண்டாம். பிப்ரவரியில் மட்டும் ஏழு நாள் நாற்பது டிகிரியைத் தாண்டி, அந்த மாதத்துக்கான சாதனையையே முறித்தது. மழை போன அக்டோபரோடு சரி. சாலையோரத்து மரங்கள் நின்றபடியே பழுப்பாகிச் செத்துக்கொண்டிருக்கின்றன.

இந்த நிலத்தின் ஆதிக்குடிகளான நூங்கார் மக்களுக்கு வருடத்தில் ஆறு பருவம். பிராக், புனுரு, ஜெரான், மக்குரு, ஜில்பா, கம்பராங். ஒவ்வொன்றும் இரண்டு மாதம். இதை முதன்முதலில் கிண்டர்கார்டன் சுவரில் பார்த்தபோது அங்கேயே நின்றுவிட்டேன். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். நம்முடையதும் ஆறு, நம்முடையதும் இரண்டிரண்டு மாதம். ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கி மறந்த பட்டியல், இந்துமாக்கடலின் மறுகரையில் ஒரு பள்ளிச் சுவரிலிருந்து திரும்ப வந்தது.

எங்கள் பள்ளியில் ஈஸ்டரை இலையுதிர் விழாவோடு சேர்த்துக்கொண்டார்கள். பருவ மேசையில் முட்டை இருக்காது. பேங்க்சியா மரத்துக் காய், சவுக்குக் காய், பூசணி, ஒரு கிண்ணத்தில் விதை கோதுமை. வகுப்பு மூலையில் சிறு மேசை, அதன் மேல் அந்தப் பருவத்தின் துணி, அந்தப் பருவம் தரும் பொருள். பிள்ளைகள் வழியில் பொறுக்கியதை வைத்துக்கொண்டே இருப்பார்கள். அதைப் பருவ மேசை என்று நான்தான் வீட்டில் சொல்கிறேன்.

3 ஏப்ரல் 2024

முந்தின குறிப்பில் திருத்தம். ஆறும் ஆறும் ஒன்று என்கிற மாதிரி எழுதிவிட்டேன். எண்ணிக்கைதான் ஒன்று. மக்குரு வரும் ஜூன், ஜூலை இங்கே குளிரும் மழையும், நமக்கு அது ஆனி ஆடி, முதுவேனில். இன்னொன்று, நூங்கார் பருவம் தேதி பார்த்துப் பிறப்பதில்லை. இரவு குளிர ஆரம்பித்துப் பறக்கும் எறும்பு வந்தால் ஜெரான். மூஜார் மரம் ஆரஞ்சு நிறத்தில் பூத்துக் குலுங்கினால் வெயில் வரப்போகிறது என்று பொருள். நிலம் சொன்ன பிறகுதான் பெயர் மாறும்.

28 ஏப்ரல் 2024

மூன்றாம் வகுப்பு உழவுப் பாடம் தொடங்கிவிட்டது. பள்ளித் தோட்டத்தில் ஆறு மீட்டருக்கு நாலு மீட்டர் ஒரு பாத்தி. இந்த மாநிலத்துக் கோதுமை விவசாயிகள் ஆன்சாக் நாளை, அதாவது ஏப்ரல் 25ஐ ஒட்டி விதைக்கத் தொடங்குவார்கள், முதல் நல்ல மழையை எதிர்பார்த்து. பிள்ளைகளும் அதையே நம்பி மண்ணைக் கொத்தி வைத்திருக்கிறார்கள். மழையைக் காணோம்.

பெர்த் மண் பற்றித் தெரியாதவர்களுக்கு: அது மணல். காய்ந்த மணல், தண்ணீரையே ஏற்காத மணல். ஒரு குவளை ஊற்றினால் முத்து முத்தாக மேலே உருண்டு நிற்கும், விரலால் கிளறிப் பார்த்தால் அடியில் பொடி மாதிரி உலர்ந்து கிடக்கும். இலைகளில் இருந்து வரும் மெழுகு போன்ற பொருள் மணலில் ஒட்டிக்கொள்வதால் அப்படி. சின்னவள் வகுப்பில் மூன்று நாள் இதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நாலாம் நாள் குதிரைச் சாணமும் களிமண்ணும் கலந்தார்கள். ஐந்தாம் நாள்தான் பாத்தி தண்ணீர் குடித்தது. அதைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் ஒரு மணி நேரம் பேசினாள்.

ஏன் மூன்றாம் வகுப்பில் உழவு? ஒன்பது வயதில் பிள்ளை முதன்முதலாகத் தான் வேறு உலகம் வேறு என்று உணரும், தனிமை எட்டிப் பார்க்கும், சாவைப் பற்றிக் கேட்கும் என்கிறார்கள். என் அனுபவத்தில் அது அப்படியே நடந்தது. பெரியவன் அந்த வயதில் ஒரு ராத்திரி, "நீங்கள்தான் என் நிஜ அம்மாவா?" என்று கேட்டான். அந்த வயதுக்குச் சோறு எங்கிருந்து வருகிறது, கூரை எதில் நிற்கிறது என்று கையால் செய்து காட்டினால் காலடியில் தரை இருப்பது தெரியும். இந்த ஒரு இடத்தில் ஸ்டைனர் சொன்னதை மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

9 மே 2024

இன்னும் மழை இல்லை. ஊரில் அப்பாவிடம் போனில் சொன்னேன். "பருவத்தே பயிர் செய் என்றால் பருவம் வந்தால்தானே செய்ய முடியும், காத்திருக்கச் சொல்லு" என்றார். அவர் கும்பகோணம் பக்கத்தில் நாற்பது வருடம் நெல் போட்டவர், ஜூனில் மேட்டூர் திறக்கக் காத்திருந்தே ஆயுளில் பாதி போனது அவருக்கு.

5 ஜூன் 2024

விதைத்துவிட்டார்கள்! மே மாதம் தூறியது மேல்மண்ணோடு சரி. இப்போதுதான் மண் உள்ளே வரை நனைந்திருக்கிறது. இருபத்தாறு பிள்ளைகளும் வரிசையில் நின்று, மடியில் கட்டிய துணியிலிருந்து கைப்பிடி எடுத்து, எட்டுக்கு ஒரு வீச்சு. நாலாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே.

23 ஜூன் 2024

குளிர்கால விழா முடிந்தது. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில் விளக்கு ஊர்வலம் நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளில். மெழுகுவர்த்திச் சுருள் டிசம்பர் தொடக்கத்தில். இருட்டு கூடிக்கொண்டே போகும் மாதங்கள் அவை. இங்கே நவம்பரில் மாலை ஏழு மணிக்கும் வெளிச்சம். டிசம்பர் நடுவில் பள்ளியே மூடிவிடும். அதனால் இரண்டையும் ஜூனுக்கு இழுத்துக்கொண்டார்கள், ஆண்டின் நீண்ட இரவை ஒட்டி. பெர்த்தில் அன்று பகல் சுமார் 10 மணி நேரம், ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும்.

விளக்கைப் பிள்ளைகளே செய்கிறார்கள். ஈரத் தாளில் நீர்வண்ணம் விட்டு, காய்ந்ததும் எண்ணெய் தடவித் துடைத்தால் தாள் கண்ணாடி போல் ஆகிவிடும். மடித்து ஒட்டி உள்ளே ஒரு சிறு மெழுகுவர்த்தி. சின்னவளின் விளக்கு மூன்று வருடமாக மஞ்சளும் சிவப்புமாக இருந்தது. இந்த வருடம் முழுக்க நீலம். ஏன் என்று கேட்டேன், "இருட்டுக்கும் நிறம் இருக்கும்மா" என்றாள்.

ஊர்வலம் முடிந்து கூடத்துக்குள் போனோம். மின்விளக்கு எதுவும் இல்லை. தரையில் யூகலிப்டஸ், சவுக்கு, பெப்பர்மின்ட் மரத் தழைகளால் ஒரு பெரிய சுருள் வழி. நடுவில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. ஒரு மூலையில் லயர் என்ற சிறு யாழ் வாசிக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளையாக, ஆப்பிளில் குத்திய மெழுகுவர்த்தியைக் கையில் ஏந்தி உள்ளே நடந்து, நடுவில் ஏற்றி, திரும்பும் வழியில் ஒரு தங்க நட்சத்திரத்தின் மேல் வைத்துவிட்டு வெளியே வர வேண்டும். அவ்வளவுதான் விழா. பேச்சு கிடையாது, கைத்தட்டல் கிடையாது.

கிண்டர்கார்டன் குழந்தை ஒன்று சுருளைப் பார்க்கவே இல்லை, தழையைத் தாண்டி நேராக வெளிச்சத்துக்கு ஓடியது. யாரும் தடுக்கவில்லை. ஒன்றாம் வகுப்பு ஆப்பிளை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தது. மூன்றாம் வகுப்பு தாங்கள் பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்து நடந்தது. சின்னவள் தோளை இறுக்கிக்கொண்டு போன அந்த நடை எனக்குப் புதிது. போன வருடம் அவள் ஒன்றாம் வகுப்பு மாதிரிதான் நடந்தாள்.

பெரியவனுக்கு இந்த வருடம் மெழுகுவர்த்தி இல்லை. ஏழாம் வகுப்புக்குக் காவல் வேலை. அணைந்த திரியை நீளக் குச்சியால் மறுபடி ஏற்றுவது, தழையில் தீப்பொறி விழாமல் பார்ப்பது. இரண்டு மணி நேரம் சுவரோரம் நின்றான். ஒரு குட்டிப்பையன் நடுவில் போய் அழுதுகொண்டு நின்றபோது, யாரும் சொல்லாமலே இவன் குனிந்து உள்ளே போய், அவன் கையைப் பிடித்துத் திரியைச் சேர்த்து ஏற்றிவிட்டு வந்தான். வீட்டுக்கு வரும் வழியில் காரில் அவன் சொன்னது: "நான் சின்னவனா இருந்தப்போ ஒரு அக்கா எனக்கு இப்படிச் செஞ்சாங்க. முகம் ஞாபகம் இல்ல, கை சூடா இருந்தது ஞாபகம் இருக்கு."

எப்போது படிக்கிறார்கள் என்று கேட்டீர்களே.

24 ஜூன் 2024

தீ பாதுகாப்பு பற்றிக் கேட்டவர்களுக்கு: தழை பச்சையாக, ஈரமாக இருக்கும். தீயணைப்பான் இரண்டு, ஈரப் போர்வை, வாசலில் பெற்றோர் இருவர். நீளத் தலைமுடியைப் பின்னித்தான் உள்ளே விடுவார்கள்.

11 ஆகஸ்ட் 2024

பிப்ரவரியில் "வாசிப்பு தாமதமாக வரும், அவசரப்படாதீர்கள்" என்று எழுதினேன். அதைத் திரும்பப் பெறவில்லை, ஆனால் அப்படியே விடவும் முடியவில்லை.

எழுத்தைப் படத்திலிருந்து கொண்டுவருகிறார்கள். மலையின் படம் மெல்ல 'எம்' ஆகும், பாம்பு 'எஸ்' ஆகும். ஒன்றாம் வகுப்பு முழுக்க எழுதுவது, அதன் பிறகுதான் வாசிப்பது. பெரியவன் எட்டு வயதில் ஒரு நாள் திடீரென்று வாசிக்க ஆரம்பித்து ஒரே மாதத்தில் தலையணைப் புத்தகம் முடித்தான். அதனால் சின்னவள் விஷயத்தில் நான் கவலைப்படவே இல்லை. இரண்டாம் வகுப்பு முடிந்தது, வாசிக்கவில்லை. மூன்றாம் வகுப்பு பாதி வந்தது, இரண்டு வரிக்கு மேல் போகவில்லை, தலைவலி என்பாள். பள்ளியில் கேட்டால், அவளுக்கான நேரம் வரும், பூவை விரலால் பிரிக்கக் கூடாது என்றார்கள். இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் அதே பதில். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன், எனக்கு அந்தப் பேச்சு பிடித்துத்தான் இருந்தது.

போன மாதம் கண் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனது என் தங்கை. கிட்டத்தில் பார்க்கும் பார்வையில் குறை. கண்ணாடி போட்டு மூன்று வாரம் ஆகிறது, நேற்றுப் பக்கம் பக்கமாக வாசிக்கிறாள்.

இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. ஒன்றரை வருடம் அந்தக் குழந்தை மங்கலான எழுத்தோடு போராடியிருக்கிறது, நாங்கள் எல்லோரும் சேர்ந்து பருவம் வரும் என்று காத்திருந்திருக்கிறோம். அப்பாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "நாற்று மஞ்சளாப் போனா காத்திருக்கவா செய்வோம், இலையத் திருப்பிப் பாக்க மாட்டோமா" என்றார். எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் ஆறு வயதில் கண்ணையும் காதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பள்ளியில் இதைப் பேசினேன். இனி இரண்டாம் வகுப்புத் தொடக்கத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பரிசோதனைச் சீட்டு கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். சரி, அதுவாவது நடந்தது.

18 ஆகஸ்ட் 2024

மதம் பற்றித் தனிச்செய்தியில் கேட்ட மூன்று பேருக்கும் சேர்த்து. விழாக்களுக்குப் பெயர் தந்தவர்களில் மைக்கேல் தேவதூதர், மார்ட்டின் புனிதர், வேர் கிறிஸ்தவம்தான், மறைப்பதில் பயனில்லை. ஆந்த்ரோபாசபி என்ற ஸ்டைனரின் ஆன்மிகத் தத்துவத்தைப் பிள்ளைகளுக்குப் பாடமாக வைப்பதில்லை, ஆனால் ஆசிரியர்கள் அதில் பயிற்சி பெற்றவர்கள். அவர் எழுத்தில் இனங்களை மேல் கீழாகப் பேசும் இடங்கள் இருக்கின்றன. வாசித்து எனக்கு வயிறு எரிந்தது. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்டேன், ஆசிரியர்கள் அதை ஏற்கவில்லை என்று நேராகவே சொன்னார்கள். நீங்களும் சேர்க்கும் முன் கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே பள்ளி எப்படி என்று தெரிந்துவிடும்.

தீபாவளிக்கு என்னைக் கூப்பிட்டு ஐந்தாம் வகுப்பில் பேச வைத்தார்கள், நரகாசுரன் கதை சொன்னேன். அவர்கள் அப்போது பழைய இந்தியா படித்துக்கொண்டிருந்தார்கள். அது போன வருடம்.

15 செப்டம்பர் 2024

ஜில்பா. வாட்டில் மரத்துப் பூ மஞ்சளாகக் கொட்டிக் கிடக்கிறது. மேக்பை பறவைகள் கூட்டைக் காக்கத் தலைக்கு மேல் பாய்கின்றன, பிள்ளைகள் ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்து அதில் பின்னால் இரண்டு கண் வரைந்து தொப்பியாகப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள். கோதுமை முழங்கால் உயரம்.

20 அக்டோபர் 2024

மைக்கேல் விழா செப்டம்பர் 29. ஐரோப்பாவில் இலை உதிரும் நேரம், இருட்டை எதிர்கொள்ளத் துணிவு வேண்டும் என்பது அதன் பொருள். இங்கே அன்று பள்ளி விடுமுறை, ஊரெல்லாம் காட்டுப் பூ. எங்கள் பள்ளி விடுமுறை முடிந்து வந்ததும் அதை வசந்த விழாவாகவே செய்கிறது. துணிவு என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, பெரிய பிள்ளைகளுக்குக் கயிறு ஏறுவது, பாரம் தூக்குவது என்று போட்டி வைக்கிறார்கள். எனக்கு இந்த ஒட்டு இன்னும் சரியாக ஒட்டியதாகத் தோன்றவில்லை. விளக்கு விழா நிலத்தோடு பொருந்தியது போல இது பொருந்தவில்லை. வேறு பள்ளிகளில் எப்படிச் செய்கிறார்கள் என்று யாராவது எழுதுங்கள்.

பெரியவனுக்கு இந்த மாதம் கடலோடிகள். 1616 அக்டோபர் 25ஆம் தேதியைப் பொறித்து டிர்க் ஹார்ட்டோக் இந்த மாநிலத்துக் கரையில் ஒரு தகரக்கலப்புத் தட்டை ஆணியடித்துவிட்டுப் போனார். டச்சுக் கப்பல்கள் ஜாவாவுக்கு மிளகு வாங்கப் போக, தெற்கே இறங்கி மேற்குக் காற்றைப் பிடித்து வந்தன. வடக்கே திரும்ப வேண்டிய இடம் தப்பினால் இந்தப் பாறைகள்தான். 1629இல் படேவியா என்ற கப்பல் அப்படி உடைந்ததுதான். உடைந்த கப்பலின் மரப்பாகம் ஃப்ரீமேன்டில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது, வகுப்போடு போய்ப் பார்த்தார்கள். இப்போது வீட்டில் எதற்கெடுத்தாலும் காற்று எந்தப் பக்கம் என்று கேட்கிறான்.

3 நவம்பர் 2024

கதிர் முற்றிவிட்டது, கலா கிளிகள் வந்துவிட்டன. சாம்பலும் ரோஜா நிறமுமாக நாற்பது, ஐம்பது ஒரே சமயத்தில். மூன்றாம் வகுப்பு முறை போட்டுக் காவல் காக்கிறது. தகரம் தட்டுகிறார்கள், பாடுகிறார்கள். அப்பா போன வாரம் வந்து இறங்கியிருக்கிறார். பார்த்துவிட்டு, "தினைப்புனம் காக்கிற வள்ளி மாதிரி இருக்கே" என்றார். சின்னவளுக்கு வள்ளி கதை சொல்ல வேண்டியதாயிற்று, அவள் அதை அடுத்த நாள் வகுப்பில் சொல்ல, இப்போது இருபத்தாறு பேரும் கிளி ஓட்டும்போது ஆலோலம் என்று கத்துகிறார்கள்.

24 நவம்பர் 2024

அறுவடை. கதிர் அரிவாள் ஒன்றே ஒன்று, மீதிப் பேருக்குத் தோட்டக் கத்தரி. கட்டுக் கட்டி இரண்டு வாரம் காய வைத்து, வெள்ளிக்கிழமை அடித்தார்கள். அப்பாவை ஆசிரியை கூப்பிட்டிருந்தார்.

அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. தார்ப்பாயை விரித்து, ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, கட்டைத் தலைக்கு மேல் தூக்கி ஓங்கி ஒரு அடி அடித்தார். மணி சிதறியது. கட்டை அடுத்த பிள்ளையிடம் நீட்டினார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு மணி நேரத்தில் தார்ப்பாய் முழுக்க மணியும் உமியும் தூசியுமாகக் கிடந்தது. கையால் ஊதிப் பார்த்தார்கள், கண்ணில் விழுந்ததுதான் மிச்சம். அப்பா நிழலில் போய் உட்கார்ந்துவிட்டார். ஆசிரியைக்குக் கொஞ்சம் பதற்றம், பள்ளி முடிய ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. "காத்து வரட்டும்" என்று மட்டும் அப்பா சொன்னார், நான் மொழிபெயர்த்தேன்.

வந்தது. பெர்த்தில் கோடைப் பிற்பகலில் கடலிலிருந்து தென்மேற்குக் காற்று ஒன்று எழும், ஃப்ரீமேன்டில் டாக்டர் என்று ஊரே பெயர் வைத்திருக்கிறது. மரங்களின் உச்சி முதலில் அசைந்தது. அப்பா எழுந்து, காற்றுக்கு முதுகைக் கொடுக்காமல் பக்கவாட்டில் நின்று, சீனக் கடையில் வாங்கிய மூங்கில் தட்டில் அள்ளித் தோள் உயரத்துக்குத் தூக்கி மெதுவாகச் சரித்தார். மணி நேரே கீழே விழுந்தது. உமி ஒரு முழம் தள்ளிப் பறந்து புல்லில் படிந்தது. பிள்ளைகளிடமிருந்து ஒரே சத்தம். நாங்கள் எத்தனை முறை எழுதிப் படித்திருப்போம், காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று. முதன்முறையாக அன்றுதான் நான் அதைக் கண்ணால் பார்த்தேன், நாற்பத்தொரு வயதில், அதுவும் என் அப்பா கையில்.

ஏழாம் வகுப்பு வேலி ஓரம் வந்து நின்றது. பெரியவன் தாத்தாவிடம் தமிழில் விளக்கினான்: நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகச் சூடாகும், சூடான காற்று மேலே போனால் கடல்காற்று உள்ளே வரும், அதனால்தான் மத்தியானத்துக்கு மேல். தாத்தா தூற்றுவதை நிறுத்திவிட்டுக் கடைசி வரை கேட்டார். "நாங்க இத்தனை வருஷம் காத்துக்கு நின்னோம், ஏன்னு கேக்கல" என்றார். அப்புறம் தட்டை அவன் கையில் கொடுத்தார். அவனுக்குத் தூற்ற வரவில்லை, மணியும் சேர்ந்து பறந்தது. சின்னவள் வாங்கிச் சரியாகச் செய்தாள்.

நாலரை கிலோ தேறியது.

25 நவம்பர் 2024

இன்னொன்று. ஜெர்மனியில் பல பள்ளிகளில் மூன்றாம் வகுப்பு இலையுதிர் காலத்தில் விதைக்கும், அறுவடைக்கு அடுத்த கோடை வரை காத்திருக்கும், ரொட்டி சுடும்போது நாலாம் வகுப்பாகியிருக்கும். இங்கே கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது, கோதுமையும் அதற்குள் முளைத்து முற்றுகிறது. விதை முதல் ரொட்டி வரை ஒரே வகுப்பு, ஒரே வருடம். தலைகீழாக மாட்டிய காலண்டர் என்றீர்கள், இந்த ஒன்றில் இங்கேதான் அது நேராக மாட்டியிருக்கிறது.

8 டிசம்பர் 2024

ரொட்டி சுட்டாயிற்று. கையால் சுற்றும் எந்திரத்தில் அரைத்தது, கொஞ்சம் மணலும் இருந்தது. முதல் ரொட்டி கிண்டர்கார்டனுக்கு, அடுத்தது இரண்டாம் வகுப்புக்கு, அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு. அப்பா நெய் தொட்டுச் சாப்பிட்டார்.

முந்நூறு கிராம் மணியை அரைக்காமல் ஒரு ஜாடியில் எடுத்து வைத்திருக்கிறார்கள், அடுத்த வருடத்து மூன்றாம் வகுப்புக்கு. மேலே ஒட்ட வேண்டிய சீட்டைச் சின்னவள்தான் எழுதினாள், கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு: "விதை. மழை வந்த பிறகு போடவும்."

மெல்பர்ன்காரரே, மகளைச் சேர்த்தீர்களா?